தொட்டுக் குணமாக்கும் தெய்வ ஆற்றலுக்கு எல்லை வகுப்பது எப்படி?

வெண்ணாவல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நெடுநாளாக ஒரு மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவலை எழுதிவருகிறேன். கதை நடப்பது கற்பனையான ஓர் ஆற்று நாட்டில். அங்கே ஆறே தெய்வம். அத்தெய்வத்தின் கோயிலில் ஊழியம் செய்யும் பெண்களுள் தலைமுறைக்கு ஒருத்திக்கு மட்டும் தொட்டுக் குணமாக்கும் அருள் வாய்க்கிறது. கதைத்தலைவி அத்தகையவள். நாவலின் முற்பகுதியில் அவள் பாம்பு கடித்த சிறுவனைப் பிழைக்க வைக்கிறாள், மரத்திலிருந்து விழுந்தவனின் முறிந்த காலைச் சேர்க்கிறாள், பேறுகாலத்தில் உதிரப்போக்கு நிற்காத பெண்ணைக் காப்பாற்றுகிறாள். நடுப்பகுதியில் அவளுடைய அண்ணன் போர்க்களத்தில் வயிற்றில் வேல் பாய்ந்து அவள் மடியிலேயே இறக்கிறான். அவன் இறந்தாக வேண்டும். இறக்காவிட்டால் நாவலின் பிற்பாதியே இல்லை.

கையெழுத்துப் படியைப் படித்த நண்பர்கள் அத்தனை பேரும் அந்த இடத்தில்தான் நின்றுவிட்டார்கள். பக்கத்திலேயே இருந்தவள் ஏன் அவனைத் தொட்டுக் குணமாக்கவில்லை என்று கேட்கிறார்கள். காலையிலிருந்து பல வீரர்களைக் குணமாக்கி அவள் ஓய்ந்துபோயிருந்தாள் என்று எழுதியிருந்தேன். ஆசிரியருக்கு வேண்டிய நேரம் பார்த்து வந்து சேரும் களைப்பு என்று ஒருவர் சிரித்தார்.

ஆற்றல் தீர்ந்துபோவது என்ற ஒரே எல்லை போதுமா, வேறு வகை எல்லைகளும் உண்டா என்பதை அறிய விரும்புகிறேன். தெய்வம் ஒருவரைக் காத்து மற்றவரைக் கைவிடுவதற்கான காரணத்தை வாசகருக்குச் சொல்லியே ஆக வேண்டுமா என்பதும், இறந்தவரை எழுப்புவதற்குக் கதையில் இடம் கொடுக்கலாமா என்பதும் என் மற்ற ஐயங்கள். மிகுபுனைவுகளை நிறையப் படித்தவர்களும் அவ்வகை ஆட்டங்களை ஆடுபவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.


பகடைக்காய் எழுதியது:

வெண்ணாவல் அவர்களுக்கு, நான் ஆட்டத்தின் பக்கமிருந்து வருகிறேன். இறந்தவரை எழுப்புவதற்கு இவ்வளவு விலை என்று எண்ணால் எழுதிவைத்த துணிச்சல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று மேசையில் ஆடும் ஆட்டத்துக்கு உண்டு. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட முதல் விதிநூலிலேயே தெய்வ அருளால் குணமாக்கும் பூசாரி இருக்கிறார். ஆனால் முதல் நிலையில் அவருக்கு ஒரு மந்திரமும் கிடையாது. இரண்டாம் நிலைக்கு ஏறிய பிறகே தெய்வம் செவிசாய்க்கும். அருள் என்பது பிறவியிலேயே வருவதன்று, நின்று காட்டிப் பெறுவது என்ற எண்ணம் அந்தச் சிறிய விதிக்குள் இருப்பதாக நான் நினைப்பதுண்டு.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கணக்கைச் சொல்கிறேன். இறந்து ஒரு நிமிடத்துக்குள் என்றால் மூன்றாம் நிலை மந்திரமும் 300 பொற்காசு பெறுமான வைரமும் போதும். பத்து நாள் வரை என்றால் ஐந்தாம் நிலை மந்திரம், 500 பொற்காசு வைரம். நூறு ஆண்டு வரை ஏழாம் நிலை, 1,000 பொற்காசு. இருநூறு ஆண்டு வரை ஒன்பதாம் நிலை, 25,000 பொற்காசு. வைரம் ஒவ்வொரு முறையும் அழிந்துவிடும். முதுமையால் இறந்தவரை அந்த ஒன்பதாம் நிலை மந்திரமும் எழுப்பாது. ஐந்தாம் நிலை மந்திரத்தில் இன்னும் சில நிபந்தனைகள் உண்டு: அறுபட்ட உறுப்பு திரும்ப முளைக்காது, தலை இல்லாத உடல் எழாது, எழுந்தவர் சில நாள்கள் எதிலும் தடுமாறுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, போன உயிர் திரும்பிவர விரும்ப வேண்டும்.

இந்த எண்களை அப்படியே நாவலுக்குள் எடுத்துப்போக வேண்டாம். அவை மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஆட்டக்காரர்களுக்கிடையே சமநிலை காப்பதற்காக வந்தவை. ஆனால் ஒரு விதியை எழுதினால் அந்த நாடு என்னவாகும் என்று யோசிக்க அவை நல்ல பயிற்சி தரும். மேற்சொன்ன விதிகள் நடைமுறையில் இருக்கும் நாட்டில் அரசனைக் கொல்ல வரும் ஒற்றன் கத்தியால் குத்திவிட்டு ஓட மாட்டான். தலையை வெட்டிக் கையோடு கொண்டுபோவான். வைரச் சுரங்கத்தை வைத்திருப்பவனே மரணத்தை வைத்திருப்பவன். ஏழையின் பிள்ளைக்குச் சாவு நிரந்தரம், செல்வனின் பிள்ளைக்கு அது ஒரு செலவு. பல நாவலாசிரியர்கள் மந்திரத்தை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு இந்தப் பின்விளைவை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் கதைக்குப் பயன்படக்கூடியது உயிரின் விருப்பம் பற்றிய அந்த விதி என்று எனக்குப் படுகிறது. அவளுக்கு ஆற்றல் இருக்கிறது, தெய்வமும் இசைகிறது, அண்ணனுக்குத்தான் திரும்பி வர மனமில்லை என்று வைத்துப் பாருங்கள். அவன் அந்தப் போரில் எதைச் செய்தான், எதைப் பார்த்தான் என்ற கேள்வியிலிருந்து உங்கள் பிற்பாதி தொடங்கலாம்.


சுவடிப்பெட்டி எழுதியது:

பகடைக்காய் சொன்னவற்றுக்கு முன்னோடிகள் நம் பழங்கதைகளிலேயே இருக்கின்றன. தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதிகாசங்களும் பெரியபுராணமும் பலருக்கு வழிபாட்டு நூல்கள். அவற்றை மிகுபுனைவு என்று நான் வகைப்படுத்தவில்லை. அருளும் அதன் எல்லையும் கதையாகச் சொல்லப்படும் முறையை மட்டும் பார்க்கிறேன்.

மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் வரும் கசன் கதை உங்களுக்கு நினைவிருக்கும். தேவருக்கும் அசுரருக்கும் நடக்கும் போரில் அசுரர் பக்கம் இறந்தவர்களைச் சுக்கிராசாரியார் மிருதசஞ்சீவினி மந்திரத்தால் எழுப்பிவிடுகிறார். தேவகுரு பிருகஸ்பதிக்கு அந்த வித்தை தெரியாது. எனவே அவருடைய மகன் கசன் சுக்கிரரிடமே மாணவனாகப் போகிறான். அசுரர்கள் அவனைக் கொல்லக் கொல்லச் சுக்கிரர் தம் மகள் தேவயானிக்காக எழுப்புகிறார். மூன்றாம் முறை அவனை எரித்துச் சாம்பலை மதுவில் கலந்து குருவுக்கே குடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இப்போது கசன் பிழைத்தால் குரு வயிறு கிழிந்து இறக்க வேண்டும். ஆற்றலில் குறைவு இல்லை, மந்திரம் தவறவும் இல்லை; பயன்படுத்துபவருக்கே அது கொலைக்கருவியாகத் திரும்பும்படி எதிரி நிலைமையை மாற்றிவிட்டான். வயிற்றுக்குள் இருக்கும் மாணவனுக்கே மந்திரத்தைக் கற்பித்து, அவன் வெளியே வந்து குருவை எழுப்பும்படி செய்வதே வழியாகிறது. அசுரரின் தந்திரமே எதிரியின் கையில் வித்தையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது.

அதன் பிறகு வருவதுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. தேவயானி மணம் வேண்டுகிறாள். உன் தந்தையின் வயிற்றிலிருந்து வந்தவன் நான், உனக்கு உடன்பிறந்தவன் ஆகிறேன் என்று கசன் மறுக்கிறான். மயிலையில் பூம்பாவையைச் சாம்பலிலிருந்து எழுப்பிய சம்பந்தரிடம் அவள் தந்தை சிவநேசர் மகளை மணமுடித்துத் தர முன்வந்தபோது, உயிர் கொடுத்த வகையில் அவள் தமக்கு மகளாகிறாள் என்று சம்பந்தரும் மறுக்கிறார். உயிரைத் திருப்பித் தருவது உறவுமுறையை மாற்றிவிடுகிறது. குணமாக்குபவள் தான் காப்பாற்றிய ஆணை மணக்க முடியாது என்பது உங்கள் ஆற்று நாட்டின் வழக்கமாக இருந்தால் எத்தனை முடிச்சுகள் விழும் என்று எண்ணிப் பாருங்கள். களைப்பைவிட அது எவ்வளவோ கனமான விலை.

தெய்வம் ஏன் மறுக்கிறது என்ற உங்கள் இரண்டாம் ஐயத்துக்குச் சுந்தரர் வரலாற்றைக் காட்டுவேன். சேக்கிழார் சொல்லும்படி, திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று சுந்தரர் சூளுரைக்கிறார். சூளுரைக்கும் வேளையில் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் இருக்கும்படி முன்கூட்டியே இறைவனைக் கேட்டுக்கொள்கிறார். கருவறையில் இறைவன் இல்லாவிட்டால் சூள் அவ்வளவாகக் கட்டாது என்பது அவர் கணக்கு. இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழமரத்தடியிலேயே சூள் வாங்கச் சொல்லிவிடுகிறார். பின்னர் திருவாரூர் நினைவு வந்து சுந்தரர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் மறைகின்றன. திருவெண்பாக்கத்தில், கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டால், "உளோம் போகீர்" என்ற விடையும் ஊன்றுகோல் ஒன்றும் கிடைக்கின்றன. காஞ்சியில் இடக்கண் மட்டும் திரும்புகிறது. திருவாரூருக்குப் போன பிறகே வலக்கண்.

இந்தக் கதையைக் கேட்கும் எவரும் இறைவனுக்கு ஆற்றல் போதவில்லையா என்று கேட்பதில்லை. இரண்டு கண்ணையும் ஒரு நொடியில் தர முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தடுப்பது இருவருக்கும் இடையே உள்ள வழக்கு. ஒருவர் தோழர், ஒருவர் தலைவர். இருவருமே கொஞ்சம் ஏமாற்றினார்கள், இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. குணமாவது தவணை முறையில் நடக்கிறது, ஒவ்வொரு தவணையும் அந்த உறவில் ஒரு படி. உங்கள் கதைத்தலைவிக்கும் ஆற்றுக்கும் இடையே அப்படி ஏதாவது வழக்கு இருக்கிறதா? இப்போது உங்கள் தெய்வம் வெறும் நீர்த்தொட்டியாக இருக்கிறது. அவள் மொண்டுகொள்கிறாள், வற்றியதும் நிற்கிறது. அதனால்தான் நண்பர்கள் சிரித்தார்கள்.

இன்னொரு சிறு செய்தி, தொழில்நுணுக்கத்துக்காக. அனுமன் மருத்துமலையைக் கொண்டுவந்ததும் இறந்த வானரர்கள் எழுகிறார்கள். அதே காற்று பட்ட அரக்கர்கள் ஏன் எழவில்லை? வான்மீகி இந்த ஓட்டையைக் கவனித்திருக்கிறார்: இறந்த அரக்கரின் எண்ணிக்கை வெளியே தெரியக்கூடாது என்று இராவணன் அவர்கள் உடல்களை உடனுக்குடன் கடலில் எறியச் சொல்லியிருந்தான். தன் மானத்தைக் காக்க அவன் செய்த ஏற்பாடே அவன் படைக்கு மருந்து எட்டாமல் செய்துவிட்டது. விதியின் ஓட்டையை இன்னொரு விதியால் அடைக்காமல் பாத்திரத்தின் குணத்தால் அடைத்திருக்கிறார்.


நெடுவழி எழுதியது:

பகடைக்காயின் வழியில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. விதியை எழுத எழுதத் தெய்வம் அலுவலகக் கணக்கராகிவிடும். வைரம் வைத்தால் உயிர் வரும் என்றால் அங்கே வணிகம்தான் இருக்கிறது, வழிபாட்டுக்கு வேலையில்லை.

மிகுபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மந்திரத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால் அந்த மந்திரம் வாசகருக்கு எந்த அளவு புரிந்திருக்கிறதோ அந்த அளவுக்கே தீர்க்கலாம் என்று முறைப்படுத்தினார். இணையத்தில் இதை எல்லாவற்றையும் விளக்கியாக வேண்டும் என்ற கட்டளையாகப் பலர் படிக்கிறார்கள். அவர் பேசுவது சிக்கலைத் தீர்ப்பதைப் பற்றி. உங்கள் காட்சியில் மந்திரம் எதையும் தீர்க்கவில்லை, தீர்க்கத் தவறுகிறது. ஆற்றல் கைகொடுக்கும் இடத்தில் வாசகர் எதிர்பார்க்கும் விளக்கம் ஒரு வகை, கைவிடும் இடத்தில் எதிர்பார்ப்பது வேறு வகை. கைவிடும் இடத்தில் அவருக்கு எந்திரத்தின் வரைபடம் வேண்டாம். இது முன்பே தெரிந்த ஓர் எல்லைதான் என்ற உறுதி போதும்.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய முதல் எர்த்சீ நாவலில் அந்த எல்லை ஒரே வரியில் சொல்லப்படுகிறது. புண்ணை ஆற்று, நோயைத் தீர், ஆனால் போகும் உயிரைப் போகவிடு என்று மந்திரப் பள்ளியின் மூலிகை ஆசிரியர் கற்பிக்கிறார். கதைத்தலைவனான இளம் மந்திரவாதி கெட் தன் நண்பனான படகுக் கைவினைஞனின் குழந்தை சாகக் கிடக்கும்போது, அந்தப் பாடத்தை மீறி உயிரின் பின்னாலேயே இறந்தோர் நிலத்துக்குள் இறங்கிப்போகிறான். குழந்தை பிழைக்கவில்லை. அவன் மட்டும் திரும்ப முயலும்போது எல்லைச் சுவரருகே அவனைத் துரத்தும் நிழல் காத்து நிற்கிறது. ஏன் உயிரைத் திருப்ப முடியாது என்று அவர் எங்கும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. பள்ளியில் சாதாரணப் பாடமாகச் சொல்லப்பட்டது, அன்புள்ள ஒருவனால் மீறப்பட்டது, மீறியதன் விலை நாவல் முழுவதும் தொடர்ந்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

டோல்கீனிடம் அதைவிடக் குறைவான விளக்கம். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நாவலில், அரசனாகப் போகும் அரகோர்ன் பயன்படுத்தும் அதெலாஸ் என்ற தழையை, அவன் ஆளப்போகும் நாடான கோண்டோரின் மூலிகை அறிஞரே பெரிதாக மதிப்பதில்லை; காற்றின் கெட்ட வாடையை நீக்க உதவும் என்ற அளவில்தான் அவருக்குத் தெரியும். அரசனின் கையில் அது வேறாகிறது. குணமாக்கும் கைகள் அரசனுடையவை என்ற பழைய சொல்லை ஒரு மூதாட்டி நினைவில் வைத்திருக்கிறாள், அவ்வளவே. அதே நாவலில் கதைத்தலைவன் ஃபிரோடோவின் தோளில் பட்ட காயம் ஆண்டுதோறும் குத்துப்பட்ட அதே நாளில் வலிக்கிறது. கடைசிவரை இந்த உலகத்தில் ஆறுவதில்லை. ஒரு காயம் ஆறும், ஒன்று ஆறாது. வாசகர் யாரும் வழக்குத் தொடுக்கவில்லை.

இருந்தாலும் உங்கள் காட்சிக்கு நேரடியாக உதவக்கூடிய ஒரு விதியைச் சொல்லிவிட்டே போகிறேன். ராபர்ட் ஜோர்டனின் காலச்சக்கர வரிசையில், குணமாக்கும் பெண் ஆற்றலைச் செலுத்தினாலும் ஆறுவதற்கான உடல்வலு நோயாளியிடமிருந்தே எடுக்கப்படுகிறது. குணமானவர் கொலைப்பசியோடும் தள்ளாட்டத்தோடும் எழுகிறார். ஏற்கெனவே வலு வற்றியவரைக் குணமாக்க முயன்றால் அந்த முயற்சியே கொன்றுவிடலாம். உங்கள் நாவலில் களைப்பை அவளிடமிருந்து எடுத்து அவனிடம் வையுங்கள். அவள் நிறைந்த ஆற்றலோடு அருகில் அமர்ந்திருக்கிறாள்; தொட்டால் அவன் உடனே இறப்பான், தொடாவிட்டால் பொழுது சாயும்வரை பேசிக்கொண்டிருப்பான். இதில் அவள் தொடுவாளா மாட்டாளா என்பதே ஒரு முழு அத்தியாயம்.

தெய்வத்தின் பக்கத்து எல்லைக்கு லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்ட் 2001இல் தொடங்கிய சாலியன் நாவல்களைப் பாருங்கள். அங்கே ஐந்து கடவுளர். ஆனால் பருப்பொருள் உலகில் ஒரு துரும்பைக்கூட அவர்களால் தாமாக நகர்த்த முடியாது. யாராவது ஒரு மனிதர் தம் விருப்பை முழுவதும் ஒதுக்கி வழிவிட்டால்தான் அவர் வழியாகக் கடவுள் உள்ளே வர முடியும். மனிதரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. எல்லாம் வல்ல தெய்வம் ஏன் சும்மா இருக்கிறது என்ற கேள்விக்கு அந்த உலகத்தில் விடை இருக்கிறது, அந்த விடை தெய்வத்தைச் சிறுமைப்படுத்தவும் இல்லை.


பகடைக்காய் எழுதியது:

நெடுவழி அவர்களே, கணக்கர் என்று சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் நீங்கள் பாராட்டிய ஜோர்டனின் விதி எந்த ஆட்டநூலிலும் அப்படியே இடம்பெறலாம். உயிரைப் போகவிடு என்பதும் விதிதான், வைரம் வை என்பதும் விதிதான். முன்னதை மீறினால் மனிதர் யாரென்று தெரிகிறது, பின்னதை நிறைவேற்றினால் பணம் இருக்கிறதா என்று மட்டும் தெரிகிறது. வேறுபாட்டை நான் அங்கே வைப்பேன்.


வெண்ணாவல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஆறு இப்போது என் கதையில் வெறும் தொட்டியாக இருக்கிறது என்ற சுவடிப்பெட்டியின் சொல் சுட்டாலும் சரியான இடத்தில் சுட்டது. நெடுவழி சொன்னபடி காயம்பட்டவரின் வலுவிலிருந்தே குணமாதல் நடக்கும் என்று வைத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு ஆற்று நாட்டுக்கு ஏற்ற உருவம் ஒன்றும் தோன்றுகிறது: ஒவ்வொரு உடலுக்குள்ளும் ஆற்றின் ஒரு கால்வாய் ஓடுகிறது, அவள் செய்வது மடை திறப்பது மட்டுமே, கால்வாய் காய்ந்துவிட்டால் திறந்து பயனில்லை.

ஆனால் இப்போது வேறொரு சிக்கல். இத்தகைய ஒருத்தி இருக்கும் ஊரில் சாதாரண வைத்தியர்கள் இருப்பார்களா? கோயில் வாசலில் நாட்டின் நோயாளிகள் எல்லாரும் வந்து நிற்க மாட்டார்களா? யாரை முதலில் பார்ப்பது என்பதை யார் முடிவுசெய்வார்கள்?


கட்டுத்துணி எழுதியது:

நான் அறுவைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன், மிகுபுனைவும் படிப்பேன். குணமாக்கும் காட்சிகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி, குணம் என்று ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்பதே.

முறிந்த காலைச் சேர்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எலும்பு தானாகவே சேரக்கூடியதுதான். வாரக்கணக்கில் காலம் எடுக்கும், அவ்வளவே. சிக்கல் அது நேராகச் சேருமா என்பதில் இருக்கிறது. முனைகளை இழுத்து நேர்நிறுத்தாமல் விட்டால் கோணலாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் கதைத்தலைவி மடை திறப்பவள் மட்டுமே என்றால், அவள் தொடுமுன் எலும்பை நேராக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். அம்பு முனை உள்ளே இருக்கும்போது மேல்தோலை மூடினால் உள்ளே சீழ் பிடிக்கும். முதலில் முனையை எடுக்க ஒருவர் வேண்டும். மருத்துமலை மூலிகைகளைச் சுவடிப்பெட்டி குறிப்பிட்டார். இறந்தவரை எழுப்ப ஒன்று, பிளந்த உடலைப் பொருத்த ஒன்று, உள்ளே தைத்த படைக்கலத்தை வெளியேற்ற ஒன்று, பழைய உருவைத் திருப்பித்தர ஒன்று என்று கம்பர் நான்காகப் பிரித்துச் சொல்வதைப் படித்தபோது, காயங்களை அருகிலிருந்து பார்த்த யாரோ இந்தப் பட்டியலை முதலில் வகுத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆகவே உங்கள் ஊரில் வைத்தியர்கள் இருப்பார்கள், இப்போதைவிட அதிக வேலையோடு. கட்டுப் போடுபவர், முனை எடுப்பவர், காயத்தைக் கழுவுபவர் என்று கோயிலைச் சுற்றி ஒரு தெருவே உருவாகும். அவளுடைய புகழ் அவர்களுடைய கைத்திறனில் நிற்கும். அதில் அவர்களுக்குக் கசப்பும் இருக்கலாம்.

உதிரப்போக்கு வேறு வகை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் இரத்தம்தான் இருக்கிறது. தொடையின் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். புண்ணை மூடினாலும் வெளியே போன இரத்தம் எங்கிருந்து திரும்ப வரும்? உங்கள் காய்ந்த கால்வாய் இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் முற்பகுதியில் உதிரம் போன பெண்ணை அவள் காப்பாற்றியதாகச் சொல்கிறீர்கள். அங்கே அவள் எவ்வளவு சீக்கிரம் வந்துசேர்ந்தாள் என்பதை எழுதிவிடுங்கள். அண்ணனின் வயிற்றுக் காயம் உண்மையில் மெதுவாகக் கொல்வது. குடல் கிழிந்தால் காய்ச்சலும் வயிற்று இறுக்கமுமாக நாள்கணக்கில்கூட இழுக்கும். பொழுது சாய்வதற்குள் இறக்க வேண்டுமானால் வேல் இரத்தக் குழாய் ஒன்றையும் அறுத்திருக்க வேண்டும்.

யாரை முதலில் என்பதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி. நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராக இருந்த டொமினிக் ழான் லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசைப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். படைத்தலைவன் சிராய்ப்போடு காத்திருக்க, பெயர் தெரியாத வீரன் முதலில் எடுத்துப்போகப்படுவான். உங்கள் நாட்டுத் தளபதிகள் இதை ஏற்பார்களா? ஏற்காவிட்டால் அவளுடைய அன்றைய காலை முழுவதும் யாருக்காகச் செலவானது என்பது பெரிய கேள்வியாகிவிடும்.


சுவடிப்பெட்டி எழுதியது:

கோயில் வாசல் கூட்டத்துக்கு ஓர் உண்மை முன்மாதிரி இருக்கிறது. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பல நூற்றாண்டுகள் அரசரின் கை பட்டால் கண்டமாலை என்ற கழுத்துக் கழலை நோய் நீங்கும் என்று நம்பினார்கள். அரச பதவி கடவுள் தந்தது, ஆகவே கையிலும் அருள் இருக்கும் என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்தில் தொடப்பட்டவருக்குப் பொற்காசு ஒன்றைக் கழுத்தில் கட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. இரண்டாம் சார்லஸ் காலத்தில் கூட்டம் மிகுந்து, இவர் இதற்குமுன் தொடப்படாதவர் என்று ஊர்ப் பாதிரியாரிடம் சான்றிதழ் வாங்கிவர வேண்டியிருந்தது. பொற்காசுக்காகவே இரண்டாம் முறை வந்தவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை அந்தச் சான்றிதழே சொல்லிவிடுகிறது. அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருந்தபோது, 1712இல், ஆன் அரசியிடம் கொண்டுபோனார்கள். நோய் தீரவில்லை. ஆனால் அந்தக் காசை அவர் வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தார். அடுத்து வந்த முதலாம் ஜார்ஜ் இந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்.

குணமாகாமல் திரும்பியவர்கள் அருளைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதை உங்கள் நாவலில் எங்காவது எழுதினால் நன்றாக இருக்கும். நம்பிக்கை போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்பவர், கோயில் ஊழியரை ஏசுபவர், தொடப்பட்டதே போதும் என்று நிறைபவர் என்று மூவகையாவது இருப்பார்கள்.


வெண்ணாவல் எழுதியது:

கட்டுத்துணி அவர்கள் சொன்ன எலும்பு நேராக்கும் வைத்தியரை ஒரு பாத்திரமாகவே சேர்த்துவிட்டேன். உதிரப்போக்குக் காட்சியில் இப்போது அவள் பக்கத்து வீட்டிலிருந்தே ஓடி வருகிறாள். இறந்தவரை எழுப்பும் வேலையை இந்த நாவலில் தொடப்போவதில்லை. வைரச் சுரங்கம் யாருடையது என்று பகடைக்காய் கேட்டதுமே அது தனி நாவல் என்று புரிந்துவிட்டது. அண்ணன் இறக்கும் காட்சிக்கு வெகு முன்பே, இரண்டாம் அத்தியாயத்தில், காய்ச்சலில் நாள்பட்டு வற்றிப்போன ஒரு படகோட்டிக் கிழவரை அவளிடம் கொண்டுவருகிறார்கள். அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறாள். ஏன் என்று கிழவரின் மகன் கேட்கிறான், அவள் காரணத்தைச் சொல்கிறாள், அவன் நம்பவில்லை. அந்த மகனும் அண்ணனோடு அதே படையில் சேர்கிறான்; வேல் பாய்ந்த அண்ணனை அவளிடம் தூக்கிக்கொண்டு வருபவன் அவன்தான்.